குன்றி நடந்த எட்டு வாரம்

ஒரு காட்டில், புலியும் எதிரில் வந்தால் ஒதுங்கிப்போகும் ஒரு காட்டுப்பன்றி வாழ்ந்தது. அதன் பெயர் வளைபல்லன். அதற்குப் பின்னே நாற்பது பன்றிகள் நடந்தன. நாற்பது பன்றிகளுக்கும் பின்னே ஒரு நரி நடந்தது. பன்றிகள் வயலைக் கிளறும்போது வளைகளிலிருந்து எலிகள் வெளியே ஓடும்; நரி அவற்றைப் பிடித்துத் தின்னும். பிறர் தோண்டிய குழியில் தன் விருந்தைத் தேடிப் பழகிய அந்த நரிக்கு இன்சொல்லன் என்று பெயர்.

காடு முடியும் இடத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. செழுவேள் என்னும் சிற்றரசர் அதனை ஆண்டுவந்தார். ஆண்டுதோறும் மாசி முதல் நாளன்று அவர் குதிரையேறிப் பன்றி வேட்டைக்குப் புறப்படுவார். வயலில் கிழங்கும் சோளமும் முற்றும் காலம் அது. பன்றிகளை விரட்டினால்தான் ஊராருக்கு உணவு மிஞ்சும்.

அரசரின் லாயத்தில் சவாரிக் குதிரைகள் மூன்று இருந்தன. அரசரைச் சுமப்பவள் குன்றி. குன்றிமணியைப்போலவே அவளுக்குச் சிவந்த மேனி, கறுத்த கால்கள். எடுத்ததை முடிக்காமல் விடமாட்டாள். அரசரின் தம்பி இளவேளைச் சுமப்பவன் வெண்சாமரம். தண்ணீர்த் தொட்டியில் தன் முகத்தைப் பார்த்த பிறகே அவன் தண்ணீர் குடிப்பான். அமைச்சரைச் சுமப்பவன் பூதன். அவனுக்குத் தெரிந்த திசைகள் இரண்டு: தீனி இருக்கும் திசை, தீனி வரும் திசை.

மழைக்காலம் மூன்று மாதமும் குதிரைகளுக்கு ஓய்வு. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. புல்லைத் தின்று, சேற்றில் புரண்டு, வயிறு பருத்து நிற்கும். மார்கழி பிறந்ததும் கூத்தையன் என்னும் குதிரைக்காரர் அவற்றை மேய்ச்சல் நிலத்திலிருந்து லாயத்துக்கு அழைத்துவருவார். மாசி முதல் நாளுக்கு அப்போது எட்டு வாரம் இருக்கும். தொந்தி சரிந்த குதிரையை வேட்டைக் குதிரையாக ஆக்க அவருக்கு அந்த எட்டு வாரம் வேண்டும்; ஒரு நாள் குறைந்தாலும் முகம் சுளிப்பார்.

அவ்வாண்டு மார்கழி முதல் நாள் காலையில் அரசரே லாயத்துக்கு வந்தார். குனிந்து குன்றியின் இடது முன்னங்காலைத் தடவிப் பார்த்தார்.

"போன மாசியில் முதல் வேட்டையிலேயே இவள் நடுக்காட்டில் நொண்டி நின்றாள். நான் ஊர்வரை நடந்து வந்தேன். நினைவிருக்கிறதா, கூத்தையா?"

"இருக்கிறது, ஐயா. பாதி வழியில் எதிரே வந்தவனே நான்தானே? குற்றம் இவள் காலுடையது அன்று, அவசரத்துடையது."

"காலோ, அவசரமோ, எனக்குத் தெரியாது. ஓர் ஆண்டு பொறுத்தேன். இந்த வேட்டையிலும் இவள் நொண்டினால், பங்குனியில் வரும் உப்பு வணிகரோடு அனுப்பிவிடு."

அரசர் போய்விட்டார். குன்றி அசையாமல் நின்றாள்.

உப்பு வணிகரின் குதிரைகளை அவள் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறாள். முதுகின் இருபுறமும் உப்புப் பொதி தொங்கும். பொதி உராய்ந்து தோல் கிழியும். கிழிந்த தோலில் உப்புக் கசியும். அந்தக் குதிரைகள் தலையைத் தூக்குவதில்லை. ஊருக்குள் வரும்போதும் பார்ப்பதில்லை. ஊரைவிட்டுப் போகும்போதும் பார்ப்பதில்லை.

'நொண்டமாட்டேன்' என்று குன்றி தனக்குள் சொல்லிக்கொண்டாள். 'என்ன ஆனாலும் இந்த மாசியில் நொண்டமாட்டேன்.'

அதே நாளில் காட்டுக்குள் வேறொரு பேச்சு நடந்தது, குழந்தைகளே.

"லாயத்தில் புகுந்து மூன்று குதிரைகளின் வயிற்றையும் கிழிக்கப்போகிறேன்!" என்று உறுமினான் வளைபல்லன்.

"எதற்குத் தலைவரே வீண் சிரமம்?" என்றது நரி. "கூத்தையனிடம் ஈட்டி இருக்கிறது. உங்கள் பல்லுக்கு ஓய்வு கொடுங்கள். இது நாக்கு செய்யவேண்டிய வேலை."

"நாக்கால் குதிரையைக் கொல்வாயா?"

"கொல்வானேன்? கெடுத்தால் போதாதா? கேளுங்கள். மழைக்காலம் முழுவதும் நின்று தின்ற குதிரைக்கு மூச்சு மூன்று வாரத்தில் திரும்பிவிடும். ஆனால், கால் நரம்பும் எலும்பும் உறுதிப்பட எட்டு வாரம் ஆகும். இடையில் உள்ள ஐந்து வாரமும் குதிரை தன்னைப் பெரிய சூரன் என்று எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது சூரன் அன்று. அந்த இடைவெளி எனக்குப் போதும்; உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவேன்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு ஆண்டாக வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறேனே! ஓடுகிறவனுக்குத் தெரியாதது உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும்."

வளைபல்லன் சற்று யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆகவே விரைவில் முடித்துக்கொண்டு, "சரி, போ" என்றான்.

லாயத்தில் முதல் வாரம் தொடங்கியது. நடை, நடையைத் தவிர வேறொன்றும் இல்லை. விடிந்ததும் கெட்டித் தரையில் ஒரு நாழிகை நடை. மறுநாள் அதைவிடச் சிறிது கூடுதல். நடந்து திரும்பியதும் ஓடையில் முழங்கால் ஆழத்தில் நிற்கவேண்டும். பிறகு கூத்தையன் உப்புக் கரைத்த நீரைச் சேணம் அமரும் இடத்தில் துணியால் ஒற்றுவார். ஓய்வில் மென்மையான தோல் அதனால் இறுகும். சேணம் உரசினாலும் புண்ணாகாது. தீனியாகக் கொள்ளு அளவாகவே கிடைத்தது. நடை கூடினால் கொள்ளு ஒரு கை கூடும். நடை கூடாத நாளில் கொள்ளும் கூடாது.

"என்ன வாழ்க்கை இது?" என்று முனகினான் வெண்சாமரம். "எருமை நடக்கிறது, நானும் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எங்களுக்குள் எப்படி வேறுபாடு காண்பார்கள்?"

"எருமை புலம்பாது, அண்ணா" என்றாள் குன்றி.

"வாயை மூடு, நொண்டி! உன்னால்தான் எங்களுக்கும் இந்தத் தண்டனை."

பூதன் இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, "அந்தக் கொள்ளு மீதியை யாராவது தின்னப்போகிறீர்களா?" என்று கேட்டான்.

நண்பகலுக்குப் பிறகு கூத்தையன் புல்லறுக்கப் போவார். அப்போது குதிரைகள் லாயத்துக்குப் பின்னே இருந்த வேலியிட்ட புல்வெளியில் அவிழ்த்துவிடப்படும். கூத்தையனின் தலை மறைந்ததும் வேலிக்கு வெளியே ஒரு மூக்கு தெரியும்.

"பூதன் மாமா! நலமா?" என்றது நரி. "உங்கள் விலா எலும்பு தெரிகிறதே! கூத்தையனுக்கு இரக்கமே இல்லையா?"

பூதனின் விலா எலும்பைப் பார்க்கவேண்டுமானால் தோண்டித்தான் பார்க்கவேண்டும். ஆனாலும் பூதன் கண்கலங்கினான். "நீயாவது கவனித்தாயே, மருமகனே!" என்றான்.

"உள்ளே கொள்ளுப் பத்தாயத்தின் மூடியில் ஒரு தாழ் இருக்கிறது. மூக்கால் தூக்கினால் எழும்பிவிடும். உழைக்கப்போகும் உடம்புக்கு முன்கூட்டியே தின்று வைப்பதில் என்ன தவறு?"

"தவறே இல்லை!" என்றான் பூதன்.

அன்று மாலையே பூதன் மூக்கால் தாழைத் தூக்கினான். ஊறாத கொள்ளை வயிறு முட்டத் தின்றான். தொண்டை வறண்டது, தொட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். உலர்ந்த கொள்ளு தண்ணீர் பட்டால் என்ன செய்யும் என்பதை அவன் வயிறு விரைவில் அறிந்துகொண்டது. முரசுபோல வீங்கி, நான்கு காலையும் நீட்டிப் படுத்துவிட்டான். கூத்தையன் ஓமக் கஷாயம் புகட்டி, வயிற்றை நீவி, மூன்று நாள் பாடுபட்டு அவன் உயிரைக் காப்பாற்றினார்.

"இவ்வாண்டு வேட்டைக்கு இவன் ஆகமாட்டான்" என்று அவர் சொன்னதும் எல்லாரும் வருந்தினர். வேட்டை என்றாலே வியர்க்கும் அமைச்சர்மட்டும் பூதனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பிவைத்தார்.

நான்காம் வாரம் பிறந்தது. நரி சொன்ன இடைவெளியும் பிறந்தது.

ஒரு காலைப்பொழுதில் குன்றி மேட்டுப்பாதையில் ஏறும்போது தன் மூச்சு மாறியிருப்பதை உணர்ந்தாள். முன்பு மேட்டின் பாதியிலேயே இரைக்கும். இப்போது உச்சிக்குப் போன பின்னும் மூச்சு நெஞ்சின் அடியில் அமைதியாக ஓடியது. கால்கள் தரையை உதைத்துப் பறக்கத் துடித்தன. 'ஓடு, ஓடு' என்று உடம்பெல்லாம் கூவியது.

அந்தக் கூவல் அவளுக்குப் புதிதன்று. சென்ற ஆண்டும் இதே வாரத்தில் இதே கூவலைக் கேட்டாள். கேட்டு ஓடினாள். புல்வெளியில் நாள்தோறும் பாய்ந்தாள். கூத்தையன் தடுத்தும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு பறந்தாள். வேட்டை நாளன்று காட்டு நடுவே உள்ள கல்லாற்றில் கால் வைத்தபோது முன்னங்காலின் பின்நரம்பில் 'சுருக்'கென்றது. அவ்வளவுதான். மூச்சு அப்போதும் நன்றாகவே இருந்தது.

குன்றி பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டிலிருந்து நடந்தே இறங்கினாள்.

வெண்சாமரத்துக்கும் அதே கூவல் கேட்டது. அவன் கேட்பதற்கு முன்பே நரி அதனை அவன் காதில் ஓதிவிட்டது.

"வெண்சாமர அண்ணா, ஒரு பந்தயம். இந்தப் புளியமரத்திலிருந்து அந்தப் புற்றுவரை. என் வால் மூன்று முறை ஆடுவதற்குள் போய்விடுவீர்களா?"

"மூன்று முறையா? உன் வால் ஒரு முறை ஆடுவதற்குள் போவேன்!"

பறந்தான் வெண்சாமரம். வெண்பிடரி காற்றில் அலைய, மண் தெறிக்க, அழகாகத்தான் பறந்தான். நரி முன்னங்கால்களால் கைதட்டியது.

"காற்றுக்குக் குளம்பு முளைத்ததைப் போல இருக்கிறது! நாளைக்கு அந்தப் பாறைவரை ஓடிக் காட்டுங்கள்."

பாறைவரை ஓடினான். மறுநாள் பாறையிலிருந்து வேலிவரை ஓடினான். மாலையில் கூத்தையன் அவன் விலாவில் உலர்ந்த வியர்வையைக் கண்டு அவனைக் கட்டிவைக்க எண்ணினார். ஆனால், அச்சமயம் இளவேள் அங்கு வந்தார். வெண்சாமரத்தின் மேனி பளபளப்பதைப் பார்த்து, "ஆகா! என் குதிரை இப்போதே ஆயத்தம்! இவனை அவிழ்த்தே விடுங்கள், கூத்தையா, விருப்பம்போல ஓடட்டும்" என்றார். அரசரின் தம்பி சொன்ன பிறகு குதிரைக்காரர் என்ன சொல்ல முடியும்? வாயை மூடிக்கொண்டு புல்லறுக்கப் போனார்.

பிறகு நரி குன்றியிடம் வந்தது. அவளிடம் அது புகழ்ந்து பேசவில்லை. புகழ்ச்சிக்கு அவள் அசையமாட்டாள் என்பதை அது அறிந்திருந்தது. வேலிக் கம்பில் முகவாயை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது.

"குன்றி அக்கா, உங்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது."

"அழு. ஓடை பக்கத்தில்தான் இருக்கிறது, முகம் கழுவிக்கொள்ளலாம்."

"விளையாடாதீர்கள், அக்கா. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு ஏசுங்கள். வேட்டைக் குதிரை என்ன செய்யும்?"

"ஓடும்."

"அரசர் உங்களைப்பற்றிச் சொன்னது வேலியோரம் எனக்கும் கேட்டது. உப்புக் குதிரை என்ன செய்யும்?"

குன்றியின் காது ஒன்று திரும்பியது.

"நடக்கும்" என்றது நரி. "நான்கு வாரமாக நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நடக்கிறீர்கள். வெண்சாமர அண்ணன் ஓடுகிறார். உங்களை யார் ஓடச் சொன்னார்கள்? சரி, உங்கள் முதுகில் கூத்தையன் நாள்தோறும் எதனை ஒற்றுகிறார்?"

"உப்பு நீர்."

"உப்பு! நான் சொல்லவில்லை, நீங்களே சொன்னீர்கள். நேற்றிலிருந்து உங்கள் சேணத்தின் இருபுறமும் என்ன தொங்குகிறது?"

நேற்றிலிருந்து கூத்தையன் அவள் சேணத்தின் இருபுறமும் மணல் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். வெண்சாமரத்துக்குக் கட்டவில்லை; அவளுக்கு மட்டுமே கட்டினார்.

"நடை, உப்பு, பொதி" என்று நரி மெதுவாகச் சொன்னது. "அக்கா, அவர்கள் உங்களை வேட்டைக்குப் பழக்கவில்லை. முடிவு எப்போதோ எடுத்தாயிற்று. இன்றைக்கே ஓடிக் காட்டுங்கள். இந்த வேலியைத் தாண்டிப் பாயுங்கள். 'ஐயோ, இவள் இன்னும் வேட்டைக் குதிரைதான்' என்று அரசருக்குத் தெரியட்டும்!"

புல்வெளியின் மறுகோடியில் வெண்சாமரம் பாய்ந்துகொண்டிருந்தான். குளம்போசை தரை வழியாகக் குன்றியின் காலுக்கு வந்தது. வேலி உயரமானதன்று. பத்தடி பின்வாங்கி ஓடிவந்தால் தாண்டிவிடலாம்.

அவள் பத்தடி பின்வாங்கினாள்.

நரியின் வால் நுனி ஆடியது.

குன்றி நின்றாள். இடது முன்னங்காலைத் தரையில் அழுத்தி ஊன்றினாள். வலி இல்லை. ஆனால், ஆழத்தில் எங்கோ ஒரு மெல்லிய இறுக்கம், புதிதாக முறுக்கிய கயிற்றில் இருப்பதுபோல. முறுக்கு இன்னும் நிலைக்கவில்லை என்று அந்தக் கால் சொன்னது.

அவள் நடந்து வந்து வேலியருகே நின்றாள்.

"இன்சொல்லா, நீ சொல்வது பொய் என்று நிறுவ எனக்கு வழி தெரியவில்லை. மூட்டை எதற்கு என்பதும் எனக்குத் தெரியாது. உண்மையாகவே என்னை உப்புக்கு அனுப்பப்போகிறார்களோ, என்னவோ!"

"அப்படியானால் பாயுங்களேன், அக்கா!"

"பாய்ந்து கால் போனால், உப்புக்குப் போவது உறுதி. நடந்து கால் தேறினால், உறுதி இல்லை. எனக்கு அந்த 'உறுதி இல்லை' போதும். அதோடு, உப்புச் சுமப்பதானாலும் ஊன்றுவதற்குக் கால் வேண்டாமா?"

நரியின் வால் நுனி ஆடாமல் நின்றது.

"கேட்டுவிட்டேன். இனி நான் போகலாமா? மாலை நடைக்கு நேரமாயிற்று" என்று சொல்லிவிட்டுக் குன்றி திரும்பினாள்.

ஆறாம் வாரத்தில் அரசர் குதிரைகளைப் பார்க்க வந்தார். ஆற்று மணலில் இளவேள் வெண்சாமரத்தை விரட்டினார். கூத்தையன் குன்றியைப் பெருநடையில் ஓட்டிவந்தார். வெண்சாமரம் போன புழுதி அடங்கிய பிறகுதான் குன்றியின் தலை தெரிந்தது.

"என்ன அண்ணா, உங்கள் குதிரை எறும்புக்கு வழிவிட்டு வருகிறதோ?" என்று இளவேள் சிரித்தார்.

அரசர் சிரிக்கவில்லை. "கூத்தையா, இவளுக்கு ஓட மனமில்லையா, ஓட உடம்பில்லையா?"

"இரண்டும் இருக்கின்றன, ஐயா. ஓட நாள் வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது."

"அந்த மூட்டை எதற்கு?"

"நான் மெலிந்தவன், தாங்கள் கனத்தவர். என்னைச் சுமந்து பழகிய முதுகு வேட்டை நாளன்று தங்களைக் கண்டு திகைக்கக் கூடாது. குறைகிற எடையை மணலால் நிரப்பினேன்."

அரசர் தம் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு அதைப்பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை.

குன்றியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. அன்று மாலை மூட்டை கனத்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழாம் வாரத்தில் கூத்தையன் அவளை முதல் முறையாக மணலில் பாயவிட்டார்; இரு கை விரித்த நீளத்தில் நூறு பாகம் மட்டும். மறுநாள் ஓய்வு நடை. அதற்கு மறுநாள் இருநூறு பாகம். எட்டாம் வாரத்தில் மேட்டில் ஏறிப் பாய்ச்சல், இறக்கத்தில் நடை. ஒவ்வொரு மாலையும் அவர் குனிந்து, புறங்கையால் அவள் காலைத் தடவி, சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு மாலையும் கால் குளிர்ந்தே இருந்தது. கொல்லர் வந்து பழைய லாடங்களைக் கழற்றிப் புதியன அடித்தார்.

மாசி முதல் நாள் விடிந்தது. தாரையும் பறையும் முழங்கின.

காட்டின் விளிம்பில் வளைபல்லன் தன் கூட்டத்தோடு நின்றான். நரி அவன் காதருகே பேசியது: "அஞ்சாமல் ஓடுங்கள், தலைவரே. கல்லாற்றைத் தாண்டி மூன்று பள்ளத்தாக்கு. முதல் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குதிரை என்று ஒன்றும் வராது. நான் பொறுப்பு."

பன்றிகள் ஓடின. அரசரும் இளவேளும் பின்தொடர்ந்தனர்.

முதலில் வெண்சாமரம்தான் முந்தினான். "எறும்பே, என் வாலைப் பார்த்து வழி தெரிந்துகொள்!" என்று கனைத்துவிட்டுப் பறந்தான். குன்றி அவன் பின்னே வந்தாள். அரசரின் எடை முதுகில் அமர்ந்திருந்தது, பழகிய எடை. அவள் தன் ஓட்டத்தைத் தன் அளவிலேயே வைத்துக்கொண்டாள்.

கல்லாறு வந்தது. உருண்டைக் கற்கள் குளம்புக்கடியில் புரண்டன. வெண்சாமரம் வேகத்தைக் குறைக்காமல் பாய்ந்தான். நான்காம் பாய்ச்சலில் அவன் முன்னங்கால் மடங்கியது. இளவேள் பிடரியைப் பற்றிக்கொண்டு தப்பினார். வெண்சாமரம் மூன்று காலில் நின்றான். அவன் மூச்சில் ஒரு குறையும் இல்லை. 'இவ்வளவு மூச்சு இருக்கிறதே, ஏன் ஓட முடியவில்லை?' என்று கேட்பதுபோல அவன் குன்றியைப் பார்த்தான்.

அவனைக் கடந்து போகும்போது குன்றி வேகத்தைக் குறைத்தாள். இதே கற்கள், இதே இடம். அவள் கற்களின் நடுவே ஒவ்வொரு குளம்பாக எடுத்து வைத்தாள். இடது முன்னங்காலை ஊன்றினாள். தாங்கியது. மறுபடி ஊன்றினாள். தாங்கியது. கரை ஏறினாள்.

முதல் பள்ளத்தாக்கு முடிந்தது. வளைபல்லன் திரும்பிப் பார்த்தான், குன்றி வந்துகொண்டிருந்தாள். இரண்டாம் பள்ளத்தாக்கில் நாற்பது பன்றிகளும் வாய் நுரைத்து, காட்டின் எல்லையில் ஓடும் பெரிய ஆற்றை நோக்கிச் சிதறின. மூன்றாம் பள்ளத்தாக்கில் குன்றிக்கு மூச்சு முட்டியது. தொண்டை எரிந்தது, கண் இருண்டது. 'கால் என் சொல் கேட்கிறவரை ஓடுவேன்' என்று அவள் ஓடினாள். கால் மறுக்கவில்லை.

பெரிய ஆற்றங்கரையில் வளைபல்லன் ஒரு பாறையைப் பின்னால் வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றான். அரசர் வேலை ஓங்கினார். குன்றி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. அந்தக் கறுத்த கால்கள் நான்கும் தூண்களாக நிற்பதைப் பார்த்ததும் வளைபல்லனுக்குத் துணிவு போயிற்று. அரசர் எறிந்த வேல் அவன் முதுகுமயிரைச் சீவிக்கொண்டு போனது. அவன் ஆற்றில் குதித்தான். கூட்டமும் அவனுக்குப் பின்னே குதித்தது. கடைசியாக, வேறு வழி இல்லாமல், நரியும் குதித்தது. நீரோட்டம் அவர்களைச் சற்றுத் தொலைவு இழுத்துக்கொண்டு போய், அக்கரைக் காட்டில் ஒதுக்கியது. இக்கரைக் கிழங்கை அவர்கள் பிறகு கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கூத்தையன் குறுக்குவழியில் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார். அரசர் இறங்கி நின்றார்.

"அந்தப் பாறைமேல் இவளை நடத்து" என்றார் அரசர்.

குன்றி தட்டையான பாறையின்மேல் நடந்தாள். அரசர் கண்ணை மூடிக்கொண்டார். நொண்டும் குதிரையைக் கண் தவறவிடலாம், காது தவறவிடாது. டொக், டொக், டொக், டொக். நான்கு குளம்பும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழுந்தன. ஒன்று மெலியவில்லை, ஒன்று பிந்தவில்லை. பாறை முடியும்வரை கேட்டுவிட்டு அரசர் கண்ணைத் திறந்தார்.

"கால் எப்படி?"

கூத்தையன் குனிந்து புறங்கையால் தடவினார். "உடம்பெல்லாம் கொதிக்கிறது, ஐயா. நரம்பில் தனிச்சூடு இல்லை. வீக்கமும் இல்லை."

"அப்படியானால், பங்குனியில் உப்பு வணிகர் வந்தால் அவர்களுக்கு நீர்மோர் கொடுத்து அனுப்பு. இந்த லாயத்தில் அவர்களுக்குக் குதிரை இல்லை."

"வெண்சாமரம், ஐயா?"

"இவளுக்குக் கொடுத்ததுபோல அவனுக்கும் ஓர் ஆண்டு கொடு. என் தம்பிக்கும் சேர்த்து."

குன்றி தலையைத் தாழ்த்தி ஆற்றுநீரைக் குடித்தாள். நீரின்மேல் அக்கரையிலிருந்து குரல்கள் மிதந்துவந்தன. நனைந்த பன்றி நனைந்த நரியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல் குதிரையை என்ன செய்தாய்?"

"வயிறு வீங்கப் படுக்கவைத்தேன், தலைவரே."

"இரண்டாவது?"

"நரம்பு தெறிக்க நிறுத்திவைத்தேன்."

"அப்படியானால், என்னை மூன்று பள்ளத்தாக்கு விரட்டியது எது?"

நரி தன் வாலைப் பிழிந்தது. நெடுநேரம் பிழிந்தது.

"அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தலைவரே. அவளும் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு நடக்கப் போய்விட்டாள்."

நீதி: மூச்சு முந்தினாலும் கால் முதிரும்வரை பொறுப்பவரே கடைசிவரை ஓடுவர்.